பழுக்கட்டும் என்றாள் மதினி

தட்டை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. வெளிச்சம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனாலும் தெரிந்தது. சல்ஃபா மருந்து தோய்த்த சின்னக் காகித வில்லையைச் சுற்றி, ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சுத்தமான வட்டம். அந்த வட்டத்துக்குள் ஒரு கிருமிகூட முளைக்கவில்லை.

"ஏ பேச்சி, இங்கன ஓடி வா" என்று கத்தினேன்.

பேச்சி எங்கள் லேப் டெக்னீஷியன். கையுறையைக்கூடக் கழற்றாமல் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். "மேடம், கேக்குது மேடம்! சாருக்கு மருந்து கேக்குது!" என்று அவள் போட்ட சத்தத்தில், ரத்தம் கொடுக்க வந்து வாசலில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்தத் தட்டில் வளர்ந்திருந்தது என் கணவர் இசக்கியின் தொடையிலிருந்து வந்த கிருமி. தொடைச் சதையின் ஆழத்தில் அவருக்குச் சீழ் கட்டியிருந்தது. முந்தின நாள்தான் ஊசி போட்டுக் கொஞ்சம் உறிஞ்சி எடுத்து அனுப்பியிருந்தார்கள். வழக்கமாகக் கொடுக்கிற மருந்துகளில் பாதியை அந்தக் கிருமி சட்டையே செய்யவில்லை. வில்லையின் விளிம்புவரை நெருங்கி வந்து மண்டிக் கிடந்தது. அது நன்றாக அடங்கியது இரண்டு மருந்துக்குத்தான். ஒன்று, ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து நரம்பில் ஏற்ற வேண்டிய ஊசி மருந்து. இன்னொன்று இந்தப் பழைய சல்ஃபா மாத்திரை.

உடனே வீட்டுக்குப் போன் போட்டேன். அவரே எடுத்தார்.

"என்ன டாக்டரம்மா, நான் பாஸா பெயிலா?" காய்ச்சலிலும் கேலி குறையவில்லை.

"பாஸ். மாத்திரை கேக்குது."

"அப்போ கத்தி வேண்டாம்லா?"

"யாரு சொன்னா? கத்தியும் வேணும். கீறிச் சலத்த வெளிய எடுத்தாத்தான் ஆகும்னு சர்ஜன் நேத்தே சொன்னாவல்லா?" சீழை எங்கள் பக்கம் சலம் என்போம்.

"இதென்னட்டி ஞாயம்? மருந்து கேக்குதுன்னும் சொல்லுத, கத்தியும் வைக்கணும்னும் சொல்லுத. ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

நான் பதில் சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது. அந்தப் பக்கம் அவருடைய அக்கா, என் மதினி. "அவனுக்குக் கஞ்சி ஆறுது. பொறவு பேசு" என்று வைத்துவிட்டாள்.

ஆறுதல் கடிதம் வேண்டாம்

இந்தத் தொடரில் இதுவரை என் படிப்பைப் பற்றி எழுதினேன், கல்லூரி விடுதியில் நடந்த கூத்துகளைப் பற்றி எழுதினேன், வீரகேரளம்புதூரில் பிறந்த பெண் கிருமிகளோடு குடித்தனம் நடத்தப் போன கதையைச் சொன்னேன். "உங்கள் கணவரைப் பற்றி ஏன் ஒரு வரிகூட இல்லை?" என்று சிலர் கேட்டு எழுதியிருக்கிறார்கள். ஒருவர், நாங்கள் பிரிந்து வாழ்கிறோமா என்றே கேட்டுவிட்டார். நல்லா இருங்க ஐயா.

அவர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. இந்த வாரம் அதைத்தான் எழுதுகிறேன். படித்துவிட்டு ஆறுதல் கடிதம் எழுத வேண்டாம். நான் செய்த தப்புக்கு அழுகிறேன் என்று நினைக்கவும் வேண்டாம். நான் கத்தி வேண்டும் என்றுதான் சொன்னேன், கடைசிவரை சொன்னேன். என் வீட்டில் என் பேச்சு எடுபடவில்லை, அவ்வளவுதான்.

தொடையை அருவிக்குக் காட்டியவர்

இசக்கிக்குப் பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறிக் கமிஷன் மண்டி. முதலாளி என்று பேர்தான். மூட்டையைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. ஆள் வரட்டும் என்று காத்திருக்கத் தெரியாது. அப்படி ஒரு நாள் டெம்போவிலிருந்து மூட்டை இறக்கும்போது, பின்பக்கத் தட்டி இறங்கித் தொடையில் இடித்துவிட்டது. தோல் கிழியவில்லை. ரத்தம் வரவில்லை. "சவத்தெளவு" என்று திட்டித் தட்டியை ஒரு மிதி மிதித்துவிட்டு வேலையைப் பார்த்திருக்கிறார்.

அது சீசன் நேரம். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு ஒரு கிறுக்கு உண்டு. வெளியூர்க்காரர்கள் குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறார்கள். நாங்கள் வைத்தியத்துக்குப் போகிறோம். கழுத்துப் பிடிப்பா, கழுத்தை அருவிக்குக் காட்டு. முதுகு வலியா, முதுகைக் காட்டு. தண்ணீர் அடிக்கிற அடியில் எல்லாக் கட்டும் விட்டுப்போகும் என்று படித்தவர், படிக்காதவர் அத்தனை பேரும் நம்புகிறோம். என் கழுத்தை நானும் காட்டியிருக்கிறேன். சுகமாகத்தான் இருக்கும்.

இவர் மார்க்கெட் கூட்டாளிகளோடு ஐந்தருவிக்குப் போனார். முதலில் எண்ணெய் தேய்க்கிறவரிடம் அந்தத் தொடையைக் கொடுத்து நன்றாகப் பிசையச் சொல்லியிருக்கிறார். பிறகு பாறையைப் பிடித்துக்கொண்டு, ஒருக்களித்து நின்று, அடிபட்ட இடத்தை அருவிக்குக் காட்டியிருக்கிறார். நசுங்கிய சதையை மறுபடி நசுக்குவது மாதிரி. ரத்தத்தில் எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்த ஒரு கிருமிக்கு இதைவிட நல்ல இடம் வேண்டுமா?

வந்து பரோட்டாவும் கோழியும் ஒரு பிடி பிடித்தார். "இப்பதாம்ட்டி கால் லேசா இருக்கு" என்றார். மறுநாள் குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது.

வெளியே பார்த்தால் ஒன்றுமில்லை. சிவப்பு இல்லை, முகம் வைத்த கட்டி இல்லை. தொட்டால்தான் தெரியும். தொடை மரக்கட்டையாக இறுகியிருந்தது. நான் தொட்ட நிமிஷமே சர்ஜனுக்குப் போன் போட்டேன். ஏனென்றால் அந்த மரக்கட்டையைத்தான் நான் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தேன்.

பஸ்ஸில் கூடப் போகிற மருந்து

சதைக்குள் சீழ் கட்டுகிற இந்த வியாதி எங்கள் மாதிரி வெக்கையான ஊர்களில் புதிதல்ல. வயலில் வேலை செய்கிறவர்கள், சுமை தூக்குகிறவர்கள், நல்ல திடகாத்திரமான ஆட்களுக்கே வரும். நான் தென்காசி ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு வந்த காலத்தில், மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருக ஆரம்பித்திருந்தன. அடங்குகிற ஊசியைப் போட வேண்டுமானால் வார்டில் படுக்க வேண்டும். சுரண்டையிலிருந்து வருகிற கூலி ஆள் எத்தனை நாளைக்கு வார்டில் படுப்பார்? வலி கொஞ்சம் குறைந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிடுவார்.

அப்போதுதான் சல்ஃபா மேல் எனக்கு ஆசை விழுந்தது. பழைய மருந்து. பெரிய டாக்டர்கள் மறந்துபோன மருந்து. விலையும் மலிவு. மாத்திரையாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நோயாளியோடு பஸ்ஸில் கூடப் போகும். வருகிற சீழையெல்லாம் தட்டில் வளர்த்து, சல்ஃபாவுக்கு அடங்குகிறதா என்று பார்த்து வந்தேன். பல கிருமிகள் அடங்கின. எனக்குத் தலைகால் புரியவில்லை. சாப்பிடும்போதும் அதே பேச்சு. "ஒன் மருந்துக்கு ஒரு கோயில் கட்டிருவோமா?" என்று இவர் கிண்டல் பண்ணுவார்.

பழுக்கட்டும்

சர்ஜன் டேவிட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். ஊசி போட்டு இழுத்தார். கெட்டியாகச் சீழ் வந்தது. "உள்ள நிறைய இருக்கு அண்ணாச்சி. இன்னைக்கே அட்மிட் ஆகுங்க. கீறி எடுத்துருவோம். கூடவே ஊசி மருந்து ஏத்துவோம்" என்றார்.

எங்கள் வீட்டில் மதினி இருக்கிறாள். இசக்கிக்கு மூத்தவள். தாய் இல்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். சின்ன வயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டாள். பிள்ளை குட்டி இல்லை. எனக்கும் அவளுக்கும் அதுவரை பெரிய சண்டை ஒன்றும் வந்ததில்லை. ஆனால் இசக்கியின் உடம்பு அவளுடைய இலாகா. அதில் டாக்டர் என்ற முறையில்கூட நான் மூக்கை நுழைக்க முடியாது.

"கட்டி பழுத்திருக்கா?" என்று கேட்டாள்.

"இது அந்தக் கட்டி இல்ல மதினி. சதைக்குள்ள ஆழத்துல இருக்கு. வெளிய வந்து பழுக்காது."

"பழுக்காத கட்டி உண்டுமாட்டி? பச்சையில கத்தி வச்சா அது வேரோடிரும். எங்க மாமனாருக்கு அப்படித்தான் ஆச்சு. பழுக்கட்டும். பொறவு கீறிக்கிடலாம்."

பச்சரிசி மாவும் மஞ்சளும் போட்டுக் கிண்டிச் சூட்டோடு தொடையில் பற்றுப் போட்டாள். வெளித்தோலில் வருகிற கொப்புளத்துக்கு அது சரி. ஊர் முழுக்க அதைத்தானே செய்து பிழைத்திருக்கிறது. ஆனால் இது எத்தனை பற்றுப் போட்டாலும் முகம் வைக்காது. உள்ளேயே பரவும்.

இவர் நடுவில் படுத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கத்தி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். அதை வெளியில் சொல்ல வெட்கம். மதினி பேச்சு அவருக்கு வசதியாகப் போய்விட்டது. மறுநாள் காலையில்தான் நான் அந்தத் தட்டைப் பார்த்துப் போன் பண்ணியது. அதோடு என் மருந்தும் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் ஆரம்பித்தேன். "கிளம்புங்க. டேவிட் காத்திருக்காவ."

"ஒன் மாத்திரைய முழுங்கிட்டேம்லா. ஒனக்கே ஒன் மருந்து மேல நம்பிக்கை இல்லையா?"

"கோட்டி மாதிரிப் பேசாதிய. மாத்திரை இருக்கட்டும். சலத்த எடுக்கணும்."

"வெள்ளிக்கிழம வர பாப்போம். பழுக்கலேன்னா நானே வந்து படுத்துக்கிடுதேன். சரியா? அக்கா சொல்லுததையும் கேக்கணும்லா?"

அழுதேன், கத்தினேன், ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். ஆட்டோக்காரர் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். மாத்திரையை மட்டும் மதினி நேரம் தவறாமல் கொடுத்தாள். அதில் அவளைக் குறை சொல்லவே முடியாது.

வெள்ளிக்கிழமை வரவில்லை. அதற்கு முன்பே ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "இந்த லோடு எந்த ஊருக்கு?" என்று கேட்டார். மண்டியில் இருப்பதாக நினைத்துக்கொண்டார். விரல் நுனியெல்லாம் சில்லிட்டிருந்தது. தூக்கிக்கொண்டு ஓடினோம். டேவிட் அரை மணி நேரத்தில் தொடையைத் திறந்தார். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். உள்ளே சதை வெந்த மாதிரி இருந்ததாகப் பிறகு சொன்னார். விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. சிறுநீர் நின்றது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். அங்கே போய் அவர் கண்ணைத் திறக்கவே இல்லை.

துஷ்டி கேட்க, அதாவது துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம் மதினி ஒன்றையே சொன்னாள். "கடைசியில கீறத்தானே செஞ்சாவ? பொழைச்சானா? என்னைக்குக் கீறியிருந்தாலும் போயிருப்பான். அவன் எழுத்து." அவள் அழவில்லை. ஒரு சொட்டுக்கூட இல்லை. அடுப்படியில் நின்று வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டே இருந்தாள்.

அதே வட்டம்

வேலைக்குத் திரும்பிய அன்று பேச்சி என்னிடம் ஒரு தட்டைக் காட்டத் தயங்கினாள். ஆபரேஷனின்போது எடுத்த சீழை அவள் வளர்த்து வைத்திருந்தாள். தூக்கிப் போட மனசு வரவில்லையாம்.

கிருமி இடையில் மாத்திரைக்குப் பழகியிருக்கும், அதனால்தான் மருந்து தோற்றது என்று நினைத்திருந்தேன். அப்படி இருந்தால் ஒரு கணக்காவது தீரும். தட்டை வெளிச்சத்தில் பிடித்தேன். முதல் நாள் பார்த்த அதே வட்டம். இம்மியும் குறையவில்லை.

கிருமி மாறவில்லை. மருந்து சரியான மருந்து. வேளை தவறாமல் உள்ளே போயிருக்கிறது. பிறகு ஏன் செத்தார்?

எனக்கு அந்தக் கேள்வியைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று. வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை. அங்கே போனால் மதினியும் நானும் ஒரே டிவியைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். படித்தேன். பழைய புத்தகங்களை இறக்கித் தூசி தட்டினேன். கடைசியில் ஒன்று செய்தேன். மிச்சமிருந்த அவருடைய சீழைக் கொதிக்க வைத்து, கிருமியைக் கொன்று, சுழற்றி வடிகட்டி, மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்தேன். அதைக் கலந்து புதிதாகத் தட்டு ஊற்றச் சொன்னேன். அதில் அவருடைய கிருமியைத் தேய்த்து, நடுவில் சல்ஃபா வில்லையை வைத்தேன்.

மறுநாள் வட்டம் இல்லை. வில்லையின் மேலேயே ஏறிப் படுத்திருந்தது கிருமி.

பேச்சி "ஏ அம்மா" என்றாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

விஷயம் இதுதான். ஒரு கிருமி பெருக வேண்டுமானால் சில சாமான்களைத் தனக்குத்தானே சமைத்துக்கொள்ள வேண்டும். சல்ஃபா அந்த அடுப்பை அணைக்கிறது. பட்டினியில் கிருமி அடங்கிவிடும். ஆனால் சீழ் என்பது என்ன? செத்த சதை, செத்த வெள்ளை அணுக்கள். அவை சிதையும்போது அந்தச் சாமான்கள் சமைத்த பதத்திலேயே கொட்டிக் கிடக்கும். அடுப்பை அணைத்து என்ன பிரயோஜனம்? ஆள் பார்சல் வாங்கித் தின்கிறான். என் தட்டில் சீழ் இல்லை, அதனால் மருந்து ஜெயித்தது. அவர் தொடையில் சீழ் தேங்கிக் கிடந்தது. சீழை வெளியேற்றியிருந்தால் அதே மாத்திரை வேலை செய்திருக்கும்.

எழுதி ஒரு மருத்துவ இதழுக்கு அனுப்பினேன். மரியாதையாகத் திருப்பி அனுப்பினார்கள். இதில் புதிதாக ஒன்றும் இல்லை, நீண்ட காலமாகத் தெரிந்த விஷயம் என்று எழுதியிருந்தார்கள். டேவிட்டிடம் காட்டினேன்.

"வாஸ்தவம்தான் மேடம். சீழ் இருக்குற இடத்துல சல்ஃபா நிக்காதுன்னு புத்தகத்துலயே ஒரு வரி வரும். நாம எல்லாரும் படிச்சதுதான். அதுக்குத்தான் கீறச் சொன்னேன்."

ஒரு வரி. எல்லாரும் படித்து, பரீட்சை எழுதி, மறந்த ஒரு வரி. அதைத் திரும்பக் கண்டுபிடிக்க என் புருஷனின் சீழை நான் அடுப்பில் வைத்துக் காய்ச்சியிருக்கிறேன். அன்றோடு சல்ஃபா ஆராய்ச்சியை மூட்டை கட்டினேன். எனக்கு அந்த வேலையே வெறுத்துப் போயிற்று.

மதினி எடுத்துக்கொண்ட பாதி

ஒரு நாள் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது மதினியிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று கேட்டால், வேறு யாரிடம் சொல்வது? அவரைத் தெரிந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான். அடுப்பு, பட்டினி, பார்சல் எல்லாம் சொன்னேன்.

அரிவாள்மனையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அப்போ அவன் செத்த சதையே கிருமிக்குச் சோறு போட்டிருக்கு."

"ஆமா மதினி."

"பாத்தியா? அவன் ஒடம்பே அவனுக்கு எதிரியாப் போச்சு. பொறவு யாரு என்ன செய்ய முடியும்?"

மிச்சப் பாதி என் வாயில் இருந்தது. சோற்றுப் பானையை எடுத்து வெளியே கொட்டியிருக்கலாம், மதினி. அதுக்குப் பேர்தான் கத்தி. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்தேன். அவர் போனதற்குப் பிறகு முதல் தடவையாக அந்த முகம் கொஞ்சம் இளகியிருந்தது. விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு சுரண்டையிலிருந்து வருகிற சொந்தக்காரர்களிடமெல்லாம் அவள் அந்தக் கதையைத்தான் சொன்னாள். "டாக்டரே சொல்லிட்டா" என்று என்னைச் சாட்சிக்கு வேறு இழுப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எழுந்து மாடிக்குப் போய்விடுவேன்.

கெண்டைச் சதை

போன சீசனில் மதினி நடையில் ஒரு சாய்வு தெரிந்தது. கேட்டால் "படியில இடிச்சேன்" என்றாள். சேலையைக் கணுக்காலுக்குக் கீழே இழுத்து விட்டுக்கொண்டாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. எனக்குச் சந்தேகம் தட்டியது. சண்டை போட்டுத்தான் காலைத் தொட்டேன். கெண்டைச் சதை மரக்கட்டையாக இருந்தது. உடம்பு அனலாகக் கொதித்தது.

"எத்தன நாளாட்டு மதினி?"

"நீ லேப்புக்குப் போ. எனக்கு ஒண்ணுமில்ல."

ஆஸ்பத்திரிக்கு வர மட்டும் எப்படியோ சம்மதித்தாள். டேவிட் ஸ்கேன் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு அவர் கட்டில் பக்கம் போய்ச் சொன்னார். "ஆச்சி, ஊசி மருந்து ஏத்த ஆரம்பிச்சாச்சு. ஆனா இத இன்னைக்கே கீறணும்."

"மாட்டேன்."

"வலிக்காது ஆச்சி. மயக்கத்துலதான் செய்வோம்."

"வலிக்குப் பயந்தவளாய்யா நானு? கீற மாட்டேன்னா மாட்டேன். மாத்திரை தாங்க, திங்குதேன்."

நர்சுகள் கெஞ்சினார்கள். பேச்சி வந்து காலைப் பிடிக்காத குறை. மதினி வாயை இறுக மூடிக்கொண்டாள். எல்லோரும் போன பிறகு நான் வெடித்தேன். "என்ன மதினி நெனச்சிக்கிட்டு இருக்கிய? ஒருத்தர வாரிக் குடுத்தது பத்தாதா? இப்பவும் பழுக்கட்டும்னு சொல்லப் போறியளா?"

அவள் என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்டாள். கை சுட்டது.

"பழுக்காதுன்னு எனக்குத் தெரியும் வசந்தா. நான் மடச்சி இல்ல."

"பொறவு என்ன?"

"நான் கீறிப் பொழைச்சுட்டம்னா, அவனும் பொழைச்சிருப்பாம்லா?"

அவள் என் கையை விடவில்லை.

"என்னைக்குக் கீறியிருந்தாலும் போயிருப்பான், போயிருப்பான்னு சொல்லிச் சொல்லித்தாம்ட்டி நான் சோறு திங்குதேன். நீ வந்து அத என் கால்லயே பொய்யின்னு காட்டிராத. நான் போயிட்டா யாருக்கு என்ன நட்டம்? என்னய விட்டுரு தாயி."

நான் காய் நறுக்கும்போது விழுங்கிய மிச்சப் பாதி அவளுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஊர் முழுக்க அவள் கதை சொன்னது அதை மறைக்கத்தான். நான்தான் மடச்சி. அவள் கையை உதறவும் முடியாமல், பிடிக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பட்டதைப்போல நான் எப்போதும் பட்டதில்லை. புருஷன் செத்த அன்றுகூட இல்லை.

மறுநாள் விடிந்ததும் காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது. யாரையோ "எய்யா, எய்யா" என்று கூப்பிட ஆரம்பித்தாள். ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. டேவிட் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தெளிவா இருந்தப்ப வேண்டாம்னு சொன்னாங்க மேடம். இப்ப அவங்க எதையும் சொல்ற நிலைமையில இல்ல. இவங்களுக்கு நீங்கதான் சொந்தம். என்ன செய்யலாம்?"

"கீறுங்க" என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். அவளைப் பிழைக்க வைக்க வேண்டும் என்று ஒரு மனசு அடித்துக்கொண்டது. பிழைத்து எழுந்து அவள் தெரிந்துகொள்ளட்டும் என்று இன்னொரு மனசு பல்லைக் கடித்தது. எந்த மனசு கையெழுத்துப் போட்டது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

காய்ச்சல் விட்டது

வெளியே வந்தபோது டேவிட் இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தார். "நிறைய வந்துச்சு. ஆனா சதை உயிரோட இருக்கு. தப்பிச்சிருவாங்க."

கிருமி இசக்கிக்கு வந்த அதே வகை. நான்தான் தட்டைப் பார்த்தேன், வேறு யாரையும் பார்க்க விடவில்லை. ரத்த அழுத்தம் நிமிர்ந்ததும் ஊசியை நிறுத்திவிட்டுச் சல்ஃபாவுக்கு மாற்றினார்கள். இசக்கிக்குக் கொடுத்த அதே மாத்திரை, அதே அளவு. தேங்கி நிற்கச் சீழ் இல்லை. அடுப்பும் அணைந்தது, பார்சலும் நின்றது. காய்ச்சல் படிப்படியாக இறங்கியது. ரவுண்ட்ஸ் வந்த டேவிட், "மேடம், உங்க மருந்து ஜெயிச்சிருச்சு" என்று சொல்லிவிட்டு, சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அன்று காலை பத்து மணி வாக்கில் மதினி முழுசாகத் தெளிந்தாள். கூரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மெதுவாகக் கையை நீட்டிக் காலில் கட்டு இருக்கிறதா என்று தடவினாள்.

"கீறிட்டியளா?"

"ஆமா மதினி."

"காச்சல்?"

"விட்டுருச்சு."

"பொழைச்சுக்கிடுவேனா?"

பொய் சொல்ல ஒரு நிமிஷம் வாய் வந்தது. அவள் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை.

"பொழைச்சிட்டிய மதினி."

அவள் முகம் கோணியது. பிறகு அந்த வார்டே கிடுகிடுக்கும்படி ஒரு சத்தம் வந்தது. "எய்யா, இசக்கி, நான் பொழைச்சுட்டேனே! எய்யா, நான் ஒன்னயக் கொன்னுட்டனே!" என்று தலையிலும் நெஞ்சிலும் அடித்துக்கொண்டு அழுதாள். அவர் செத்தபோது அழாத அழுகை மொத்தமும் வந்தது. டிரிப்ஸ் ஊசி பிடுங்கிக்கொண்டது. நர்சுகள் ஓடிவந்து கையைப் பிடித்தார்கள். நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன், கட்டு அவிழ்ந்துவிடக் கூடாது என்று. எனக்கு அழுகை வரவில்லை. அவளை அணைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. இவள் உயிரோடு இருக்கிறாள், அவர் இல்லை என்று மட்டும் திரும்பத் திரும்ப மனசில் ஓடியது.

பக்கத்துக் கட்டிலில் கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வந்திருந்த ஒரு அம்மா எழுந்து உட்கார்ந்துகொண்டார். பயந்துபோய் என்னிடம் கேட்டார்.

"ஏம்மா, ஆச்சிக்கு ஆபரேஷன் நல்லா முடிஞ்சிருச்சுன்னுல்லா சொன்னாவ? பொறவு எதுக்கு இப்படி அழுதாவ?"

"நல்லாத்தான் முடிஞ்சிருக்கு" என்றேன். "அதுக்குத்தான் அழுதாவ."